இரும்பும் சாட்சி சொல்லும்

மனிதன் தான் படைத்த பொருள்கள் மண்ணோடு மண்ணாகப் போவதைக் காண மனம் ஒப்பாதவன். வாளைப் பேழையில் வைக்கிறான். பீரங்கியைக் கோட்டை மேட்டில் நிறுத்துகிறான். நம் புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமெய்யம் கோட்டையின் உச்சியில் நிற்கும் பீரங்கியைக் காணாதவர் இப்பகுதியில் மிகச் சிலரே. 1687-ஆம் ஆண்டில் சேதுபதி மன்னர் எழுப்பிய கோட்டை அது. மேலேறிச் செல்வோர் பீரங்கியின் மீது கை வைத்துச் சுற்றிலும் உள்ள வயல்களையும் கண்மாய்களையும் பார்த்துவிட்டு இறங்கிவிடுகின்றனர். அதனை மீண்டும் வெடிக்கச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் எவருக்கும் எழுவதில்லை. அது வாய்மூடி நிற்பதே அதற்கு அழகு என்று கொள்கிறோம்.

பழைய போர் விமானத்தின் நிலையோ வேறு. அதனைக் கூடத்தில் நிறுத்திக் காட்டுவதோடு அமையாமல், மீண்டும் வானில் பறக்கச் செய்தே தீரவேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் உழைப்போர் உலகின் பல நாடுகளில் இருக்கின்றனர். அவர்களிற் பலர் கூலி பெறாத தொண்டர்கள். ஓய்வு பெற்ற இயந்திரத் தொழிலாளர், ஆசிரியர், வணிகர் எனப் பல திறத்தினர். துருவைச் சுரண்டுவதும், பழுதான தகட்டைப் பெயர்ப்பதும், புதுத் தகட்டை அறைவதுமாக விடுமுறை நாட்களைக் கழிக்கின்றனர். கொல்வதற்கென்று செய்யப்பட்ட ஒன்றுக்கு மீண்டும் உயிரூட்டும் இவ்வுழைப்பு நற்செயலா? வீண் செயலா? தீங்கா? இவ்வினாவைச் சிறிது ஆராய்வோம்.

கைவிடப்பட்டவை எழுந்த வரலாறு

இவ்வினா நமக்குத் தொலைவானது என்று எண்ணிவிட வேண்டா. இரண்டாம் உலகப்போரின் போது தமிழகத்தில் பல இடங்களில் விமான ஓடுதளங்கள் அமைக்கப்பட்டன. சோழவரம், உளுந்தூர்ப்பேட்டை, கயத்தாறு ஆகிய ஊர்களில் அமைந்தவை அவற்றுட் சில. நம் மாவட்டத்தின் எல்லையை அடுத்துள்ள செட்டிநாட்டிலும் ஒன்று இருந்தது. போர் முடிந்தது, விமானங்கள் போயின, புல் முளைத்தது.

அப்போரில் மிகுதியாகப் பயன்பட்ட குண்டு வீச்சு விமானங்களுள் லிபரேட்டர் என்பதும் ஒன்று. நான்கு இஞ்சின்கள் கொண்டது. ஏறத்தாழ பத்துப் பேர் அதில் பணிபுரிவர். அமெரிக்கத் தொழிற்சாலைகள் 18,000-க்கும் மேற்பட்ட லிபரேட்டர்களைச் செய்து குவித்தன. போர் ஓய்ந்தபின் அவற்றிற் பல கான்பூரில் கைவிடப்பட்டன. பிறர் எடுத்துப் பயன்படுத்தலாகாது என்று இஞ்சின்களில் மணலைக் கொட்டியும், கருவிகளை உடைத்தும் விட்டுச் சென்றனர் என்பர்.

விடுதலை பெற்ற இந்தியாவிடம் அத்தகைய பெரிய விமானம் ஒன்றும் இல்லை. வாங்கப் பணமும் இல்லை. எனவே பெங்களூரிலிருந்த ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையினர் 1948-இல் அக்குப்பைமேட்டை நாடினர். ஒன்றின் உறுப்பை எடுத்து மற்றொன்றில் பொருத்திப் பறக்கும் நிலைக்குக் கொணர்ந்தனர். ஜம்ஷெட் முன்ஷி என்னும் விமானி, முழுமையாகச் செப்பனிடப்படாத அவ்விமானங்களைக் கான்பூரிலிருந்து பெங்களூருக்கு ஒவ்வொன்றாக ஓட்டி வந்தார். இவ்வாறு மீட்கப்பட்டவை இந்திய விமானப்படையில் 1968 வரை பணியாற்றின. இன்று உலகில் எஞ்சியுள்ள லிபரேட்டர்களிற் பல, இந்தியர் கைகள் காத்தவையே. தில்லிப் பாலத்தில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது. கனடாவுக்கும் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் சில சென்றன.

அமெரிக்கா சென்றவற்றுள் ஒன்றின் கதை நம் வினாவுக்கு நேராகப் பொருந்துவது. 1944-இல் டெக்சாஸ் மாநிலத்தில் செய்யப்பட்டது, பிரிட்டிஷ் அரச விமானப்படைக்கு அளிக்கப்பட்டது, இந்தியாவில் கைவிடப்பட்டது, இந்திய விமானப்படையால் மீட்கப்பட்டு 1968 வரை பறந்தது. பின்னர்ப் பிரிட்டன் வழியாக, 1984-இல் காலிங்ஸ் அறக்கட்டளை என்னும் அமெரிக்க அமைப்பின் கைக்கு வந்தது. காட்சிக்கு நிறுத்திவிடலாம் என்பதே முதல் எண்ணம். ஆனால், அவ்வகை விமானங்களில் பணியாற்றி முதுமையடைந்த வீரர்கள் அது பறக்க வேண்டும் என்று வேண்டினர். ஏறத்தாழ 97,000 மணி நேர உழைப்புக்குப்பின் 1989-இல் அது வானேறியது.

இஸ்னாதும் உதிரி பாகமும்

இப்பணியின் நுணுக்கத்தை அறியும்போது ஹதீஸ் கலையின் நினைவு நமக்கு வராமல் இல்லை. ஒரு ஹதீஸ் கையில் கிடைத்தவுடன் முஹத்திஸ் அதன் சொல்லழகைப் பார்ப்பதில்லை. யார் யாரிடம் கேட்டார் என்னும் இஸ்னாதைப் பார்க்கிறார். தொடரில் ஒரு ராவி அறியப்படாதவராயின், செய்தி எவ்வளவு இனியதாயினும் அதன் தரம் தாழ்ந்துவிடுகிறது. விமானத் தொழிலிலும் இதே கண்டிப்பைக் காண்கிறோம். எங்கே செய்யப்பட்டது, யார் சோதித்தார், எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் சான்றிதழ் இல்லாத உதிரி பாகத்தை, கண்ணுக்கு எத்துணை நன்றாகத் தோன்றினும், பறக்கும் விமானத்தில் பொருத்தலாகாது. ஒரு சிற்றாணியின் பொய் பல உயிர்களைக் கொள்ளும் என்பதை அவர்கள் அறிவர்.

பறக்க வைக்க விரும்புவோரின் வாதத்தையும் இங்கே நேர்மையுடன் எடுத்துரைக்க வேண்டும். நிறுத்தி வைத்த இயந்திரம் சில ஆண்டுகளில் வெறும் கூடாகிவிடும். அதைவிடப் பெரிய இழப்பு, அதனை இயக்கத் தெரிந்த கைகள் மறைந்துபோவது. பேழையில் பூட்டிய கிதாபும் கிதாபுதான்; ஆயினும் ஓர் உஸ்தாது ஓதிக்கொடுக்க, மாணவர் எதிரிலிருந்து ஓதும்போதன்றோ இல்ம் உயிர் பெறுகிறது! எழுபது வயது முதியவர் ஒருவர் இருபது வயது இளைஞனுக்கு, “இந்த ஓசை வந்தால் இஞ்சினை நிறுத்திவிடு” என்று கற்பிப்பதும் ஒருவகை இஜாஸத்தே. எச்செயலையும் திருத்தமாகச் செய்வதை இஸ்லாம் சிறப்பித்துப் பேசுகிறது. கூலி கருதாமல், யாரும் பாராத விமான வயிற்றினுள் படுத்து ஒவ்வொரு ரிவெட்டையும் செம்மையாக அறையும் தொண்டனிடம் அச்சிறப்பு இல்லை என்று நாம் எவ்வாறு கூற முடியும்?

இரும்பின் இரு முகங்கள்

எனினும் உழைப்பின் செம்மை ஒன்றே செயலை நற்செயலாக்கிவிடாது. எதற்காக உழைக்கிறோம் என்பது அதற்கு முந்திய வினா. ஸஹீஹுல் புகாரியின் முதல் ஹதீஸே நிய்யத்தைப் பற்றியதாக அமைந்திருப்பது காரணமின்றி அன்று.

சூரத்துல் ஹதீத், இரும்பில் கடும் வலிமையும் மக்களுக்குப் பயன்களும் சேர்ந்தே இருப்பதை நமக்கு உணர்த்துகிறது. இதற்கு விமானங்களிடமே தெளிவான சான்று கிடைக்கிறது. லிபரேட்டரைச் சுமந்த இஞ்சினும், டக்கோட்டா என்னும் சரக்கு விமானத்தைச் சுமந்த இஞ்சினும் ஒரே குடும்பத்தவை. 14 சிலிண்டர், ஏறத்தாழ 1,200 குதிரைத்திறன். லிபரேட்டரில் இருந்த இஞ்சின் குண்டுகளைக் கொண்டுபோய் இரங்கூன் மீது கொட்டியது. டக்கோட்டாவில் இருந்த இஞ்சின், 1944-இல் இம்பாலில் முற்றுகைக்கு உள்ளானவர்களுக்கு உணவும் மருந்தும் கொண்டு சேர்த்தது. இரும்புக்கு நிய்யத் இல்லை. அதனை ஏவியவனுக்கே உண்டு.

இரங்கூன் என்றதும் நம் இல்லங்களில் எத்தனை நினைவுகள் எழுகின்றன! கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி எனத் தொடங்கி நம் கடற்கரை ஊர்கள் பலவும் பர்மாவோடும் மலாயாவோடும் வாணிபம் செய்தவை. 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் இரங்கூனில் குண்டு பொழிந்தன. 1942-இல் இலட்சக்கணக்கான இந்தியர் காடும் மலையும் கடந்து கால்நடையாகத் தாயகம் திரும்பினர்; வழியிலேயே ஆயிரமாயிரம் பேர் மடிந்தனர். எஞ்சி அங்கேயே தங்கியோர் தலைமீது, பின்னர் நேசநாட்டு லிபரேட்டர்கள் குண்டு பொழிந்தன. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டு வேலை வாங்கப்பட்ட சயாம் மரண இரயில் பாதையையும் அதே லிபரேட்டர்கள் தாக்கின. பாதையருகே முகாம்களில் அடைபட்டிருந்த போர்க்கைதிகளும் அக்குண்டுகளுக்கு இரையாயினர்.

படை நடத்துவோர் பெண்டிர், குழந்தைகள், முதியோர்க்குத் தீங்கு செய்யலாகாது என்பது நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்த நெறி. கனிமரங்களையும் வெட்டாதீர் என்று கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்கள் தம் படைக்கு அறிவுறுத்தினார்கள். பல்லாயிரம் அடி உயரத்திலிருந்து விழும் குண்டுக்கு முதியவரையும் குழந்தையையும் வேறுபடுத்தத் தெரியாது. ஆகவே குண்டு வீச்சு விமானத்தை மீட்போர், சரக்கு விமானத்தை மீட்போரை விடக் கடினமான வினாவுக்கு விடை கூற வேண்டியவர் ஆகின்றனர்.

சாட்சியின் நிபந்தனை

அவர்கள் தரும் விடை இது: “நாங்கள் போரைப் போற்றவில்லை; மறைந்தோரின் நினைவுக்கு ஒரு சாட்சியை நிறுத்துகிறோம்.” நல்ல விடைதான். ஆனால் சாட்சிக்கு நிபந்தனைகள் உண்டு. தெரிந்ததை மறைப்பவன் சாட்சியல்லன்; பாதி சொல்பவனும் அல்லன்.

முன்னே கூறிய லிபரேட்டரையே எடுத்துக்கொள்வோம். அது பிரிட்டனுக்கும் இந்தியாவுக்கும் பணி செய்த விமானம். 1989-இல் பறந்தபோதோ, அதன் மீது தீட்டப்பட்டவை அமெரிக்கப் படையின் சின்னங்கள். பெங்களூர்த் தொழிலாளரின் வியர்வையும், இந்திய விமானப்படையில் அது வாழ்ந்த 20 ஆண்டுகளும் வண்ணத்தின் அடியில் மறைந்தன.

நம் நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ராஜீவ் சந்திரசேகர் என்பவர், டக்கோட்டா விமானியாக இருந்த தம் தந்தையாரின் நினைவாக, பழைய டக்கோட்டா ஒன்றை வாங்கி, இங்கிலாந்தில் செப்பனிடச் செய்து விமானப்படைக்கு அளித்தார். 2018 ஏப்ரலில் இங்கிலாந்திலிருந்து பறந்து வந்த அது, மே 4-ஆம் நாள் ஹிண்டன் தளத்தில் ‘பரசுராமா’ என்ற பெயருடன் சேர்க்கப்பட்டது. தந்தையின் நினைவைப் போற்றும் மகனின் செயல் பாராட்டுக்குரியது. அதன் வாலில் வி.பி.905 என்ற எண் தீட்டப்பட்டுள்ளது. 1947 அக்டோபர் 27-இல் ஸ்ரீநகருக்கு இந்தியப் படையினரைக் கொண்டு சென்ற டக்கோட்டாவின் எண் அது. இவ்விமானமோ பிரிட்டிஷ் படையிலும், பிறகு வாணிபத் துறையிலும் பணியாற்றிய வேறொன்று.

இவற்றைப் பொய் என்று நாம் கூறவில்லை. தொடரிலுள்ள குறையை மறைத்து, குறையற்றது போல் காட்டுவதை ஹதீஸ் கலை வல்லார் ‘தத்லீஸ்’ என்பர். நேரில் கேட்காததைக் கேட்டேன் என்று தோன்றச் சொல்வது அது. ஆனால், “நான் நேரில் கேட்கவில்லை, இன்னார் வழியாக அறிந்தேன்” என்று ராவி வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் அவர்மீது குற்றமில்லை. விமானத்துக்கும் அதுவே விதி. “இது அவ்விமானம் அன்று, அதன் நினைவுக்காக இவ்வெண்ணைத் தாங்கி நிற்கிறது” என்று அருகிலுள்ள பலகை கூறுமாயின் சாட்சியம் நேரியதே. அப்பலகையில், அவ்வகை விமானத்தில் ஏறிச் சென்று மாண்டோரோடு, அதன் கீழே இருந்து மாண்டோரையும் பற்றி இரண்டு வரி இருக்குமாயின் அது நிறைவுற்ற சாட்சியம். சில விமானக் காட்சிகளில் குண்டு வீழ்வது போல் வெடிகளைக் கொளுத்தி மக்களை மகிழ்விக்கின்றனர். அங்கே சாட்சி, கூத்தாடியாகிவிடுகிறான். அதனை நாம் ஏற்பதற்கில்லை.

உயிரின் விலை

இறுதியாக ஒன்று. இறந்தோர் நினைவுக்காக உயிரோடிருப்போரை இடருக்குள்ளாக்கலாமா? 2019 அக்டோபர் 2-ஆம் நாள், அதே காலிங்ஸ் அறக்கட்டளையின் பி-17 என்னும் மற்றொரு குண்டு வீச்சு விமானம், பயணிகளை ஏற்றிக்கொண்டு அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் புறப்பட்ட சில நிமிடங்களில் விழுந்து எரிந்தது. 7 பேர் மாண்டனர். பராமரிப்பில் குறை இருந்ததை விசாரணை வெளிப்படுத்தியது. பயணிகளை ஏற்றும் அனுமதி 2020-இல் பறிக்கப்பட்டது. 2022 நவம்பர் 12-இல் டல்லாஸ் நகரில், திரண்டிருந்த மக்கள் கண்முன்னே, இரு பழைய போர் விமானங்கள் மோதி 6 பேர் உயிரிழந்தனர். இவர்கள் ஒரு நாட்டைக் காக்கும் போரிலோ, பசித்தோருக்கு உணவு கொண்டு செல்லும் வழியிலோ மாண்டவர்கள் அல்லர்.

உயிர் அல்லாஹ் நமக்களித்த அமானத். நம் கைகளாலேயே நம்மை அழிவில் தள்ளிக்கொள்ளலாகாது என்பது மறை காட்டும் வழி. எனவே நம் கருத்து இதுவாகும்: மீட்கும் தொண்டு நற்றொண்டே, இஞ்சினை ஓட விடுவதும், இளைஞர்க்கு அக்கலையைக் கற்பிப்பதும் பயனுடையவையே. தேர்ந்த விமானி ஒருவர், ஆளற்ற வெளியில், முழுச் சோதனைக்குப்பின் பறக்கச் செய்வதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் கட்டணம் பெற்றுப் பயணிகளை ஏற்றுவதும், கூட்டத்தின் தலைக்கு மேல் வித்தை காட்டுவதும் நினைவைப் போற்றுவது ஆகா. அவை நினைவை விற்பதாகும்.

விமானத்தைச் செப்பனிடும் வாய்ப்பு நமக்கு வாய்க்காமல் இருக்கலாம். ஆயினும் சாட்சியைக் காக்கும் கடமை நம் வாசலுக்கும் வந்து நிற்கிறது. பர்மாவிலிருந்து நடந்து வந்தோரின் பேரர்களும் கொள்ளுப்பேரர்களும் இன்று நம்மிடையே உள்ளனர். வீட்டுப் பெட்டிகளின் அடியில் இரங்கூன் முத்திரையிட்ட கடிதங்களும், கணக்கேடுகளும், மங்கிய நிழற்படங்களும் கரையானுக்குக் காத்துக் கிடக்கின்றன. ஓர் இரும்புப் பறவைக்கு 97,000 மணி நேரத்தை அளிக்க மனிதர்கள் இருந்தனர். நம் முன்னோர் பட்ட துயரை எழுதி வைக்க, வீட்டுக்கு ஒருவர் ஒரு மாலைப் பொழுதை அளிக்கலாகாதா? யார் சொன்னார், யாரிடம் கேட்டார் என்ற தொடரோடு, கூட்டாமலும் குறைக்காமலும் எழுதி வைப்போமாக. வானிலிருந்து குண்டு வீசியவர்களின் கதையை இரும்பு சொல்லிக்கொண்டிருக்கிறது. தரையில் நின்றவர்களின் கதையை நாமன்றி யார் சொல்வார்?