பதினான்கில் இரண்டு

என் தாய்மாமாவின் வயிற்றிலிருந்து 14 நிணநீர்க் கணுக்களை எடுத்தார்கள். இரண்டில் புற்று இருந்தது. இவ்விரண்டு எண்களில் முதலாவதை அவரிடம் சொன்னேன், இரண்டாவதைச் சொல்லவில்லை. நான் பேச வந்த விஷயம் இவ்வளவுதான் என்றாலும் அங்கே போய்ச் சேர்வதற்குச் சற்று சுற்றிவர வேண்டியிருக்கிறது.

பித்தநாளம் கல்லீரலின் பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுவரும் மெல்லிய குழாய். அதன் கீழ்முனையில் வரும் புற்று பெரும்பாலும் வழி அடைபட்ட பிறகே, மஞ்சள் காமாலையாக, தன்னைத் தெரிவித்துக்கொள்ளும். குளத்தூரில் காமாலை என்றால் கீழாநெல்லி. மூன்று வாரம் அது. பிறகு திருச்சி, ஸ்கேன், விப்பிள் ஆபரேஷன். கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, நாளத்தின் கீழ்ப்பகுதி, சுற்றியிருந்த கணுக்கள் எல்லாம் ஒன்றாகப் போயின. வார்டுக்கு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "எல்லாத்தையும் எடுத்துட்டாங்களா மாப்ளே?"

"பதினாலு எடுத்திருக்காங்க மாமா."

அது அவருக்குத் திருப்தியாக இருந்தது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அந்த எண்ணைச் சொன்னார், ஒரு சாதனைபோல. அதிகம் எடுத்தால் அதிகம் குணம் என்பது அவருடைய தர்க்கம். இதைப் பாமரத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. நூறு வருஷம் அறுவை மருத்துவத்தின் தர்க்கமும் இதுவாகத்தான் இருந்தது.

எங்கள் பக்கத்துக் கண்மாய்கள் தனித்தனியானவை அல்ல. மேல் கண்மாய் நிறைந்தால் கலிங்கு வழியாகக் கீழ்க் கண்மாய்க்கு நீர் போகும். அது நிறைந்தால் அடுத்ததற்கு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பால்டிமோரிலிருந்த ஹால்ஸ்டெட் என்ற சர்ஜன் மார்புப் புற்றை இப்படித்தான் பார்த்தார். நோய் ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்கு வரிசையாக இறங்குகிறது. வரிசையை முழுக்க வெட்டியெடுத்துவிட்டால் நோய் நின்றுவிடும். மார்பு, அதன் கீழுள்ள தசைகள், அக்குளின் கணுக்கள் எல்லாவற்றையும் எடுத்தார். பிறகு வந்தவர்கள் இன்னும் எடுத்தார்கள். வெட்டின் ஆழமே நேர்மையின் அளவாயிற்று.

இதைச் சோதித்துப் பார்க்க 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெர்னார்ட் ஃபிஷரும் அவருடன் இருந்தவர்களும் அமெரிக்காவில் நடத்திய அந்தச் சோதனையில், கணுக்களில் நோய் இருப்பதாகக் கைக்குத் தெரியாத பெண்களில் ஒரு பிரிவுக்குக் கணுக்களை எடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு விட்டுவிட்டார்கள். எடுக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 40 பேருக்குக் கணுக்களில் நோய் ஒளிந்திருந்தது. விடப்பட்டவர்களிடமும் அதே அளவு இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர்களில் நூற்றுக்கு 20க்கும் குறைவானவர்களுக்கே பிறகு அக்குளில் நோய் தலைகாட்டியது. 25 வருஷத் தொடர்கண்காணிப்பின் கணக்கை 2002இல் வெளியிட்டபோது இரு பிரிவினரின் ஆயுளிலும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசமில்லை. ஃபிஷரின் வாதம், கணு வெறும் வழிப்பாதை அல்ல என்பது. கீழ்க் கண்மாயில் நஞ்சு தெரியும்போது மழையே நஞ்சாகப் பெய்திருக்கலாம்.

மார்பு வேறு, பித்தநாளம் வேறு என்பது சரி. அருகிலேயே ஒரு சோதனை இருக்கிறது. 2002இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியின் சர்ஜன்கள், கணையத்தின் தலையிலும் பித்தநாளத்தின் கீழ்முனையிலும் அவற்றை ஒட்டியும் புற்று வந்த ஏறக்குறைய 300 பேரின் முடிவுகளை வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு வழக்கமான விப்பிள். மறு பாதிக்கு முதுகுப்புறக் கணுக்கள் வரை தோண்டிய விரிந்த ஆபரேஷன். ஆயுள் இரண்டிலும் ஒன்றே. சிக்கல்கள் மட்டும் நூற்றுக்கு 29 என்பதிலிருந்து 43 ஆயின.

ஆனாலும், அதிகக் கணுக்களைப் பரிசோதித்த இடங்களில் நோயாளிகள் அதிகம் வாழ்கிறார்கள் என்று பட்டியல்கள் வந்துகொண்டிருக்கின்றன. இங்கே என் பிழைப்பு எனக்கு உதவுகிறது. ஒரு கிளையில் மூன்று கணக்குகள்: ஆயிரம், இரண்டாயிரம், மூவாயிரம். சராசரி 2,000. இன்னொரு கிளையில் நாலாயிரம், எட்டாயிரம், ஒன்பதாயிரம். சராசரி 7,000. நாலாயிரத்தை முதல் கிளைக்கு மாற்றுங்கள். இப்போது சராசரி 2,500, அங்கே 8,500. இரண்டு மானேஜர்களும் வளர்ச்சி காட்டிவிடலாம். ஒருவர் கையிலும் ஒரு காசு கூடவில்லை. கூடுதலாகப் பத்துக் கணுக்களைத் தேடும்போது 'நோய் இல்லை' என்ற வகுப்பின் கடைசி ஆள் 'நோய் உண்டு' என்ற வகுப்பின் முதல் ஆளாகிறான். இரு வகுப்புகளும் ஆயுள் கூடியதாகத் தோன்றும். ஒருவனும் ஒருநாள் கூட அதிகம் வாழாமலே. 1985இல் ஃபைன்ஸ்டைன் என்பவரும் இரு சகாக்களும் நுரையீரல் புற்று விஷயத்தில் இதை எடுத்துக்காட்டி, வில் ரோஜர்ஸ் என்ற நகைச்சுவையாளரின் பெயரை அதற்கு வைத்தார்கள். எல்லாப் பட்டியலும் இந்த மாயம்தான் என்று நான் சொல்லவில்லை. கவனமான சர்ஜன் கவனமாகவும் எடுப்பார், கவனமாகவும் தைப்பார். எதனால் பிழைத்தான் என்று பிரிப்பது லேசல்ல. (வாசிப்பின் எண்ணிக்கையை ரசனையின் ஆழமாக எடுத்துக்கொள்ளும் நம் விமர்சகர்களுக்கும் இந்தக் கணக்கு பயன்படலாம்.)

ஆக, கணுக்களை எண்ணுவது குணப்படுத்துவதைவிட அறிவதற்காக என்று வைத்துக்கொள்வோம். பித்தநாளத்தின் கீழ்முனைப் புற்றுக்கு 2017இன் வகைப்பாட்டில், ஒன்று முதல் மூன்று கணுவரை ஒரு வகுப்பு, நான்கும் மேலும் என்றால் அடுத்தது. மாமா முதலாவது. அறிந்து என்ன செய்தோம்? கேப்சைடபின் மாத்திரை கொடுத்தார்கள். பிரிட்டனில் 447 பேரிடம் சோதித்து 2019இல் வெளியான முடிவையொட்டிய வழக்கம் அது. மாத்திரை எடுத்தவர்களின் நடு ஆயுள் 51 மாதம், எடுக்காதவர்களுக்கு 36; அந்த வித்தியாசமும் தற்செயலாக இருக்கலாம் என்ற சந்தேகத்தை முழுதாகத் தாண்டவில்லை. கணுவில் நோய் இல்லாதவர்களும் அந்தச் சோதனையில் இருந்தார்கள். அந்த இரண்டு, பூஜ்யமாக இருந்திருந்தாலும் மாமா விழுங்கியிருக்கக்கூடியது அதே மாத்திரைதான்.

இந்தத் தர்க்கம் எனக்கு வசதியாக இருந்தது. சிகிச்சையை மாற்றாத ஓர் அறிவு வெறும் வதை. அதை நோயாளிக்குச் சொல்லாமலிருப்பது கருணை. நண்பர்களிடம் இப்படிப் பேசியும் இருக்கிறேன், நல்ல வாக்கியங்களில். புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி தங்கையைப் புற்றுநோயில் இழந்தவர். 1954இல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அவருடைய பெயரை யாரோ எடுத்தபோதுகூட, அந்தக் காலத்து அறியாமை வேறு, இந்தக் காலத்து அறிவு வேறு என்று வாதாடினேன்.

ஆபரேஷன் முடிந்த ஏழாம் மாதம் மாமா கீரனூருக்கு வந்து என் கவுண்டரில் நின்றார். கையில் அத்தையின் நகைகள். தோட்டத்தில் போர் போட வேண்டும். பாறை மண், அறுநூறு அடியாவது போகும். "அஞ்சு வருசத்துல தென்னை காச்சுரும் மாப்ளே" என்றார். அஞ்சு வருசம். விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். அவருக்கு எழுதப்படிக்கத் தெரியும்; கண்ணாடி கொண்டுவரவில்லை.

அப்போது அந்த இரண்டு என் மேஜைக்கு அடியில்தான் இருந்தது. மாத்திரையை மாற்றாத அந்த எண் போரை மாற்றியிருக்கும். மாற்றாமலும் இருந்திருக்கலாம்; தெரிந்தே தென்னை வைக்கிற ஆள் அவர். ஆனால் அது அவர் செய்திருக்க வேண்டிய கணக்கு. அவர் உடம்பிலிருந்து எடுத்ததை, ஃபிஷரையும் ஃபைன்ஸ்டைனையும் துணைக்கு வைத்துக்கொண்டு, நான் வைத்துக்கொண்டேன். அறிவு ஆயுளை நீட்டுகிறதா என்பது சர்ஜன்களின் கேள்வி. யாருடைய அறிவு அது என்று நான் கேட்கவேயில்லை. அவர் கேட்டது 'எல்லாத்தையும்' என்று. நான் எண்ணிக்கையைச் சொன்னேன்.

பத்தொன்பதாம் மாதம் இறந்தார். போரில் தண்ணீர் வந்தது, கொஞ்சம்.

வருஷத்துக்கு ஒருமுறை அத்தை வட்டியைக் கட்டி நகையைத் திருப்பி வைக்க வருகிறார். போன தடவை ஆஸ்பத்திரிக் காகிதங்களை ஒரு மஞ்சள் பையில் கொண்டுவந்தார். இன்ஷூரன்ஸுக்கு வேணுமாம், எது எது என்று பிரித்துத் தரச் சொன்னார். பத்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தி இங்கிலீஷ் வாசிப்பாள் என்று பிறகு சொன்னார். "இதுல ரெண்டுன்னு போட்டிருக்காமே தம்பி, அது என்ன?"

வரிசையில் பின்னால் ஆறேழு பேர் நின்றார்கள். உட்காருங்கள் அத்தை, சாப்பாட்டு நேரத்தில் சொல்கிறேன் என்றேன். உட்கார்ந்திருந்தார்.