பூட்டை மாற்ற யாருக்கு உரிமை?

செமஸ்டர் தேர்வு நெருங்கும் வேளையில் வீட்டுக்காரர் அறைக்கதவின் பூட்டை மாற்றிவிடுகிறார். அல்லது ஃபியூஸைப் பிடுங்கிவிடுகிறார், தண்ணீர் மோட்டாரைப் போட மறுக்கிறார், பெட்டி படுக்கையைத் தூக்கி மாடிப்படியில் வைக்கிறார். கல்லூரிகள் நிறைந்த ஊர்களில் வெளியூர் மாணவர்களுக்கு நேரும் இந்தக் கொடுமை பெரும்பாலும் வழக்காக மாறுவதில்லை. நண்பரின் அறையில் இரண்டு இரவு ஒண்டிக்கொண்டு, வேறு இடம் பார்த்துக்கொண்டு மாணவர் போய்விடுகிறார். கேட்பார் இல்லாத இடத்தில் நடப்பதாலேயே இதை அறத்தின் முன் நிறுத்திக் கேட்க வேண்டியிருக்கிறது: வீடு சொந்தம் என்பதால், அதில் குடியிருப்பவரை நினைத்தபோது வெளியேற்றும் உரிமையும் ஒருவருக்கு வந்துவிடுமா?

வீட்டுக்காரர் பக்கத்து நியாயத்தை முதலில் கேட்போம். வாடகைக்கு விடுபவர் எல்லோரும் செல்வந்தர் அல்லர். மாடியில் ஒரு போர்ஷன் கட்டி, அதன் வாடகையில் மருந்தும் அரிசியும் வாங்கும் முதியவர்கள் உண்டு. வீட்டுக்கடன் தவணையை வாடகையால் அடைப்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்பில் இருந்த காலத்தில், பழைய வாடகையைக் கொடுத்துக்கொண்டே காலிசெய்ய மறுத்தவர்கள்மீது தொடுத்த வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. ‘ஒருமுறை குடிவைத்துவிட்டால் எழுப்ப முடியாது’ என்ற அச்சம் அந்த அனுபவத்திலிருந்து பிறந்தது. அதைப் பொய் என்று தள்ள முடியாது.

ஆனால் அந்த அச்சத்துக்கு மிகக் குறைவாகக் காரணமானவர் மாணவர். படிப்பு முடிந்தால் அவரே கிளம்பிவிடுவார். வீட்டைப் பிடித்துவைத்துக்கொள்ள அவருக்கு ஆசையும் இல்லை, வசதியும் இல்லை. யாரோ செய்த பிடிவாதத்துக்கான தண்டனையை, எளிதில் மிரட்டத்தக்கவர் என்பதாலேயே அவர்மேல் இறக்குவது நியாயம் ஆகாது.

வாடகையை வாங்கிக்கொண்ட உரிமையாளர் அதற்கு ஈடாக ஒன்றைக் கொடுத்திருக்கிறார்: அந்த நான்கு சுவருக்குள் அச்சமின்றிப் படுத்து எழும் உரிமை. சுவர் அவருடையதாகவே இருக்கிறது, குடியிருப்பு இன்னொருவருடையதாகிவிட்டது. வீட்டைத் திரும்பக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. கேட்டுப் பெறுவதற்கும் பறிப்பதற்கும் இடையே உள்ள தூரம்தான் இந்தக் கேள்வியின் மையம்.

சட்டமும் இந்த வேறுபாட்டை ஏற்றிருக்கிறது. 1963-ஆம் ஆண்டு ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, சட்டவழியின்றி வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடுத்து இடத்தை மீட்க வழி தருகிறது. சொத்து யாருடையது என்ற வாதம் அங்கே எடுபடாது. தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி மின்சாரம், தண்ணீர் போன்ற அடிப்படைத் தேவைகளை உரிமையாளர் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். இரண்டு மாத வாடகை பாக்கி, உரிமையாளரின் சொந்தத் தேவை போன்ற காரணங்களுக்காகக் காலிசெய்யச் சொல்லலாம். ஆனால் அதற்கான ஆணையை வாடகை நீதிமன்றம்தான் தர வேண்டும். பாக்கி கேட்டு நோட்டீஸ் வந்த ஒரு மாதத்துக்குள் முழுத்தொகையையும் கட்டிவிட்டால் அந்தக் காரணம் நிற்காது. எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளாததையும் இதே சட்டம் வெளியேற்றும் காரணங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. வாய்ப்பேச்சில் குடியேறும் மாணவர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பாக்கியைவிடச் சிக்கலான காரணம் ஒன்று உண்டு: ‘நடத்தை சரியில்லை.’ இரவு தாமதமாக வந்தார், அசைவம் சமைத்தார், வேறு சாதி நண்பர் வந்து தங்கினார், ஒரு பெண்ணோ ஆணோ பார்க்க வந்தார் என்றெல்லாம் அதற்கு விளக்கம் சொல்லப்படும். கூச்சல், கட்டடச் சேதம், அக்கம்பக்கத்தாரின் அமைதி ஆகியவை பற்றி உரிமையாளர் நிபந்தனை வைக்கலாம். குடிவரும் முன்பே அதைச் சொல்லிவிடவும் வேண்டும். வயதுவந்த ஒருவர் என்ன சாப்பிடுகிறார், யாரோடு பழகுகிறார் என்று கண்காணிக்கும் அதிகாரத்தை எந்த வாடகையும் அவருக்குத் தருவதில்லை. மாணவிகளிடம் இந்தக் குற்றச்சாட்டு இன்னும் கொடியது. ‘அப்பாவுக்கு போன் போட்டுச் சொல்லட்டுமா?’ என்ற ஒரு கேள்வி போதும். படிப்பே நின்றுவிடுமோ என்று அஞ்சி, கொடுத்த அட்வான்ஸையும் கேட்காமல் வெளியேறுபவர்கள் இருக்கிறார்கள். பெற்றோரின் கவலையை ஆயுதமாக்கி வீட்டைக் காலிசெய்ய வைப்பது, பூட்டை மாற்றுவதைவிட எந்த வகையிலும் மென்மையான செயல் அல்ல.

அட்வான்ஸும் இங்கே ஒரு கடிவாளம். சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டுச் சட்டம். ஊரில் கடன் வாங்கிப் பிள்ளைக்கு அட்வான்ஸ் கட்டிய குடும்பம், அந்தப் பணம் திரும்பி வரும்வரை வாய் திறக்காது. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது அநீதி.

மாணவருக்கும் கடமைகள் உண்டு. வீட்டிலிருந்து வந்த வாடகைப் பணத்தை வேறு செலவுக்குத் திருப்பிவிட்டு, ‘அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்பது நேர்மை ஆகாது. மூவருக்குப் பேசிய அறையில் எட்டுப் பேர் தங்குவதும், சொல்லாமல் கொள்ளாமல் சாவியை எறிந்துவிட்டுப் போவதும் அடுத்து வரும் மாணவருக்குக் கதவை அடைத்துவிடும் செயல்கள். உரிமை கேட்பவர் கைசுத்தமாக இருக்க வேண்டும். இருந்தாலும், மாணவர் தவறினார் என்பதால் உரிமையாளரே நீதிபதியாகவும் அமீனாவாகவும் மாறிவிட முடியாது.

2020 மார்ச் 29 அன்று, ஊரடங்கின் தொடக்கத்தில் மத்திய உள்துறை அமைச்சகம் ஓர் ஆணை பிறப்பித்தது. தொழிலாளர்களையும் மாணவர்களையும் வீட்டைக் காலிசெய்யுமாறு வற்புறுத்தும் உரிமையாளர்கள்மீது பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும் என்றது அது. வெளியூர் மாணவருக்கு அறையை விட்டால் போக்கிடம் இல்லை என்பதைப் பெருந்தொற்று எல்லோருக்கும் காட்டியது. தேர்வுக்காலத்திலும் அவர் நிலை ஏறக்குறைய அதுதான். கையில் மிச்சப்பணம் இல்லை. உறவு ஊரில் இருக்கிறது. தவறவிட்ட தேர்வு ஓராண்டை விழுங்கிவிடும்.

மாதக் கட்டண விடுதிகளிலும் பி.ஜி.களிலும் தங்குபவர்களுக்கு வாடகைதாரருக்குரிய பாதுகாப்பு பெரும்பாலும் கிடைப்பதில்லை. தங்க அனுமதி பெற்றவராகவே அவர்களைச் சட்டம் பார்க்கிறது. சட்டம் கைவிடும் இடத்தில் மனிதரின் பொறுப்பு கூடுகிறது. முறையாக அறிவித்து, வேறு இடம் பார்க்க அவகாசம் தந்து, தேர்வு முடியும்வரை பொறுத்து, அட்வான்ஸைக் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தால் உரிமையாளர் இழப்பது சில வாரங்கள் மட்டுமே. மறுத்தால் மாணவர் இழப்பது அவற்றைவிடப் பன்மடங்கு.

ஆகவே வீட்டைத் திரும்பப் பெறுவது உரிமை; ஆளைத் தூக்கி எறிவது குற்றம். மாணவர்கள் குடியேறும் முன்பே எழுத்து ஒப்பந்தம் கேட்க வேண்டும், வாடகையை வங்கி வழியாகச் செலுத்த வேண்டும், ரசீதுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். கல்லூரிகள் சேர்க்கை நாளிலேயே இந்த உரிமைகளைச் சொல்லித்தர வேண்டும். வீட்டுக்காரர்கள், தம் பிள்ளை வேறோர் ஊரில் எப்படி நடத்தப்பட வேண்டும் என்று விரும்புவார்களோ, அப்படியே தம் வீட்டில் தங்கும் பிள்ளையையும் நடத்த வேண்டும்.