பெயர்ப் பட்டையைக் கழற்றிய பிறகு

சீடன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் வேலை பார்ப்பவன். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபைக்காக வெளியூரில் ஊழியம் செய்துவிட்டு அண்மையில் ஊர் திரும்பியவன். மார்மன் சபை என்றால்தான் பலருக்குத் தெரியும். குரு திருவள்ளூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். சீடனுக்குப் பள்ளியில் பாடம் சொன்னவர், அதே சபையில் மூத்தவர்.

சீடன்: ஐயா, இரண்டு வருடம் போய்விட்டு வந்தேன். ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றுகிறது.

குரு: ஒன்றுமே என்றால்?

சீடன்: நான் சொல்லிச் சபைக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் நிலைத்து நின்றவர்கள் இன்னும் குறைவு. என்னோடு ஐடிஐ முடித்தவர்கள் இப்போது சூப்பர்வைசர்கள். நான் ஹெல்பராகச் சேர்ந்திருக்கிறேன். இரண்டு வருடத்தில் என்ன சம்பாதித்தாய் என்று கேட்கிறார்கள். வாய் திறக்க முடியவில்லை.

குரு: அவர்கள் கேட்டது நியாயமான கேள்விதான். பதிலை அப்புறம் பார்க்கலாம். ஒரு நாள் உனக்கு எப்படிப் போயிற்று, அதை முதலில் சொல்.

சீடன்: காலை ஆறரைக்கு எழுந்துவிட வேண்டும். ஜெபம், உடற்பயிற்சி, குளியல், சமையல். பிறகு வேதம் வாசிப்போம். முதலில் தனியாக, அப்புறம் எனக்கு ஜோடியாகப் போட்ட கம்பானியனோடு சேர்ந்து. பகலெல்லாம் வெளியே. நம் நாட்டில் வீடுவீடாகக் கதவு தட்டுவதில்லை. சபை அங்கத்தினர்கள் அறிமுகம் செய்துவைத்தவர்களையும், வரச்சொன்னவர்களையும்தான் பார்ப்போம். வரச்சொன்னவர் வீட்டில் இருக்கமாட்டார். இருந்தாலும் கதவைத் திறக்கமாட்டார். இரவு ஒன்பது மணிவாக்கில் அறைக்குத் திரும்பி, மறுநாளைத் திட்டமிட்டுவிட்டு, பத்தரைக்கு விளக்கை அணைப்போம். வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்க, கடைக்குப் போக. அன்றைக்குத்தான் வீட்டுக்குப் போன் பேசலாம்.

குரு: உங்களுக்கு அந்த வாரப் போன் 2019இல் வந்தது. அதற்கு முன்பு போனவர்கள் வருடத்துக்கு இரண்டு முறைதான் அம்மாவின் குரலைக் கேட்டார்கள். சரி, கம்பானியனைப் பற்றிச் சொல். அதை மட்டும் வேகமாகக் கடந்துவிட்டாய்.

சீடன்: அதைச் சொன்னால் புகார் சொல்வதுபோல் ஆகிவிடும், ஐயா.

குரு: புகாராகவே சொல்.

சீடன்: ஆந்திராக்காரர். எனக்குத் தெலுங்கு வராது, அவருக்குத் தமிழ் வராது. நான் வைக்கும் குழம்பு அவருக்கு இறங்காது. அவர் தூக்கத்தில் பேசுவார். யாரோடு இருப்பது என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது; எப்போது மாற்றுவார்கள் என்றும் தெரியாது. குளிக்கும் நேரம் தவிர ஒருவர் பார்வையிலும் செவியிலும் மற்றவர் இருந்தாக வேண்டும். கோபம் வந்தால் எழுந்து வெளியே போய்விட முடியாது. வெளியில் எத்தனை பேர் முகத்தைத் திருப்பினாலும் தாங்கிவிட்டேன். இதுதான் கஷ்டம்.

குரு: உன் விடாமுயற்சி நடந்த இடம் அதுதான், தம்பி. தெருவில் அன்பைப் பற்றிப் பேசிவிட்டு அறைக்கு வந்து, நீ தேர்ந்தெடுக்காத ஒரு மனிதனோடு சோறு பங்கிட்டுக்கொண்டாய். தெருவில் சொன்னது மெய்யா என்று ஒவ்வொரு இரவும் அந்த அறையில் தெரிந்துபோகும். கடைசியில் அவரோடு எப்படி இருந்தாய்?

சீடன்: அவருக்கு டெங்கு வந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு குழம்பு பிரச்சினையாகவே இல்லை. இப்போதும் போனில் பேசிக்கொள்கிறோம். ஆனால், ஐயா, ஒருவரோடு ஒத்துப்போகப் பழகுவதற்காகவா இரண்டு வருடம் அனுப்பினார்கள்? நற்செய்தி சொல்லத்தானே அனுப்பினார்கள். அதில் நான் தோற்றுவிட்டேன்.

குரு: அப்படியானால் சென்னைக்கு வந்தவர் கதையைப் பார்ப்போம். 1852 ஆகஸ்டில் சால்ட் லேக் சிட்டியில் கூடிய மாநாட்டில் நூறு பேரளவில் உலகின் பல பக்கங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் ரிச்சர்ட் பாலன்டைன். ஸ்காட்லாந்தில் பிறந்தவர், ரொட்டி சுடும் தொழில் தெரிந்தவர். 1849இல் தன் வீட்டிலேயே பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி தொடங்கியவர். கப்பலில் கல்கத்தாவுக்கு வந்து, அங்கிருந்து 1853 ஜூலையில் மதராஸில் இறங்கினார். கையில் காசில்லாமல், தங்க இடமும் சாப்பாடும் பிறர் தயவில். கேட்டவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியர்கள். பத்திரிகைகள் தாக்கின, அவர் பிரசுரங்கள் அச்சடித்துப் பதில் சொன்னார். ஒரு வருடம் இருந்தார். ஞானஸ்நானம் பெற்றவர்கள் சிலர்தான். 1854 ஜூலையில் கப்பலேறிப் போய்விட்டார்.

சீடன்: ஏன் அவ்வளவு எதிர்ப்பு?

குரு: காரணம் அவரோடே கப்பலில் வந்தது. அவரை அனுப்பிய அதே மாநாட்டில்தான் சபை பலதார மணத்தை வெளிப்படையாக அறிவித்தது. அவர் வாய் திறக்கும் முன்பே எல்லோரும் அதைக் கேட்டார்கள். 1890இல் சபை அந்த வழக்கத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. அதை மூடி மறைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது. கேட்டவர்களின் தயக்கத்துக்கு நியாயம் இருந்தது.

சீடன்: அதற்குப் பிறகு?

குரு: கல்கத்தா, பம்பாய் பக்கம் போனவர்களும் சில வருடங்களில் திரும்பிவிட்டார்கள். சபையின் வேலை நம் நாட்டில் ஏறக்குறைய நின்றேபோயிற்று. பிறகு கோயம்புத்தூரில் சிமென்ட் ஆலைக் கணக்கர் ஒருவர் கையில் ஒரு பிரசுரம் கிடைக்கிறது. பல வருடம் கடிதம் எழுதிக் காத்திருந்து 1965இல் ஞானஸ்நானம் பெறுகிறார். பெங்களூரில் மிஷன் அமைந்தது 1993இல்தான்.

சீடன்: இன்று விதைத்தது நூறு வருடம் கழித்து முளைக்கும், பொறுத்திரு என்கிறீர்கள். மேடையில் எல்லோரும் சொல்வதுதான், ஐயா. அது எனக்கு ஆறுதலாக இல்லை.

குரு: நான் அதைச் சொல்லவே இல்லை. மதராஸுக்கும் கோயம்புத்தூருக்கும் நடுவில் ஒரு நூலிழைகூட இல்லை. பாலன்டைன் சொன்னதைக் கேட்டவர் யாரும் அந்தக் கணக்கருக்குப் பாட்டன் இல்லை. 111 வருடம் கழித்து நடந்ததை எடுத்து அவர் கணக்கில் வரவு வைப்பது, துக்கத்தில் இருப்பவனுக்குப் பொய் சொல்வது. அவர் போனபோது மதராஸில் அவருக்குப் பலன் என்று காட்ட அநேகமாக ஒன்றுமில்லை. அதை அப்படியே ஏற்றுக்கொண்டுதான் கேட்கிறேன்: அந்த ஒரு வருடம் வீணா?

சீடன்: வீண் என்று சொல்ல மனம் வரவில்லை. ஏன் என்றும் தெரியவில்லை.

குரு: மார்மன் புஸ்தகத்தில் அபிநாதி வருகிறார். அரசன் முன்னால் சாட்சி சொல்லி, நெருப்பில் மரித்தவர். கேட்டவர்களில் ஆல்மா ஒருவன் நம்பித் தப்பியோடினான். அந்த ஆல்மாவால் ஒரு பெரிய சபையே உருவானது என்று படிக்கிற நமக்குத் தெரியும். நெருப்பில் நின்றவருக்கு அது தெரிந்திருந்ததாகப் புஸ்தகம் சொல்லவில்லை. ஆல்மா என்று ஒருவன் அந்த மண்டபத்தில் இல்லாமலே போயிருந்தால், அபிநாதி செய்தது தவறாகிவிடுமா?

சீடன்: ஆகாது.

குரு: அப்படியானால் செய்ததன் மதிப்பு, கேட்டவர்கள் ஏற்றதில் இல்லை. அது எங்கே இருக்கிறது? நம் உபதேசத்திலேயே தேடு. உலகம் உண்டாகும் முன்பு பரலோகத்தில் ஒரு ஆலோசனைச் சபை கூடியது என்று நம்புகிறோம். அதில் ஒருவன் எழுந்து, ஒரு ஆத்துமாகூடத் தவறாமல் எல்லோரையும் மீட்டுவிடுகிறேன் என்றான். அவன் திட்டம் ஏன் தள்ளப்பட்டது?

சீடன்: மனிதனின் சுயாதீனத்தை அது அழித்துவிடும் என்பதால்.

குரு: அப்படிச் சொன்னவன் யார்?

சீடன்: சாத்தான்.

குரு: நூற்றுக்கு நூறு வெற்றி வேண்டும் என்றவன் அவன்தான். தேவன் தம் பிள்ளைகளில் பலர் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்று தெரிந்தே மற்ற வழியைத் தேர்ந்தெடுத்தார். இன்னும் பார். மரித்தவர்களுக்காக ஆலயத்தில் ஞானஸ்நானம் பெறுகிறோம். அதையும் அந்த ஆத்துமா ஏற்கலாம், மறுக்கலாம். இறந்த பிறகும் மறுக்கும் உரிமை போவதில்லை! நம் சபையில் நான் மிகவும் நேசிக்கிற உபதேசம் இது. உன் முகத்துக்கு நேரே வேண்டாம் என்ற ஒவ்வொருவரும், தேவன் பெரிய விலை கொடுத்துக் காப்பாற்றிய ஒன்றைத்தான் உன் கண் முன்னால் பயன்படுத்தினார். அவரை மதித்துத் திரும்பி வந்தாயா, மனதுக்குள் திட்டிக்கொண்டு வந்தாயா?

சீடன்: சில நாள் மதித்தேன். சில நாள் திட்டினேன்.

குரு: மதித்த நாட்களில் ஊழியம் நடந்தது.

சீடன்: இப்போது ரொம்ப நாளாக உறுத்துவதைக் கேட்டுவிடுகிறேன். ஒரு அம்மா வீட்டில் தண்ணீர்க் குடம் தூக்கிக் கொடுத்தேன். அவர் பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். இவர் சபைக்கு வந்தால் நன்றாக இருக்குமே என்ற நினைப்பு உள்ளே ஓடிக்கொண்டுதான் இருந்தது. உள்நோக்கத்தோடு வந்த அன்பு அன்பா, ஐயா?

குரு: கடினமான கேள்வி. ஊழியத்துக்குப் போகிற ஒவ்வொருவனும் கேட்டுக்கொள்ள வேண்டியது. அதே மார்மன் புஸ்தகத்தில், லாமோனி அரசனிடம் ஊழியத்துக்குப் போன அம்மோனை நினைத்துப் பார். அரசன் தன் மகளையே கொடுக்கிறேன் என்றான். வேண்டாம், வேலைக்காரனாக இருக்கிறேன் என்று ஆடுமாடு பார்த்தான். அரசனாகக் கேட்கும் வரை தன் உபதேசத்தைத் திறக்கவில்லை. ஆனால் இவர்கள் மனதை வெல்ல வேண்டும் என்ற ஆசை அவனுக்கும் இருந்தது. புஸ்தகம் அதை மறைக்கவில்லை. ஆசை இருப்பது குற்றமில்லை. எனக்கு நல்லது என்று தெரிந்தது உனக்கும் கிடைக்கட்டும் என்று விரும்பாமல் எப்படி நேசிப்பது? உன் சட்டையில் கருப்புப் பெயர்ப் பட்டை இருந்தது. நீ யார், எதற்கு வந்தாய் என்று அந்த அம்மாவுக்கு முதல் நாளே தெரியும். அதுவரை அது நேர்மை. அவர் சபை வேண்டாம் என்று சொன்ன மறுநாள் என்ன செய்தாய்?

சீடன்: போவதைக் குறைத்துக்கொண்டேன். கேட்கிறவர்களோடு நேரம் செலவிடு என்பார்கள்.

குரு: பையனின் கணக்கு?

சீடன்: பரீட்சை முடியும் வரை வாரம் ஒருமுறை போய்ச் சொல்லிக்கொடுத்தேன். கம்பானியனும் வந்து உட்கார்ந்திருப்பார்.

குரு: அப்படியானால் உன் கேள்விக்குப் பதில் உன் கையிலேயே இருந்தது. கணக்கையும் நிறுத்தியிருந்தால் அந்த அன்பு விலைபேசி வந்தது என்று நானே சொல்லியிருப்பேன்.

சீடன்: ஆனாலும் நம்மை எல்லோரும் சந்தேகமாகத்தான் பார்க்கிறார்கள், ஐயா. மதம் மாற்றவந்தவன் என்று. மில்லிலும் அந்தப் பேச்சு உண்டு.

குரு: அந்தச் சந்தேகத்தின் மேல் கோபப்படாதே. அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைக் கொடுக்கிறது. 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்றது. தமிழ்நாட்டில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது, 2004இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்தச் சட்டங்கள் சரியா தவறா என்று வழக்கறிஞர்கள் வாதிடட்டும். எனக்கு அந்த 1977 வாக்கியத்தில் பிணக்கு இல்லை. ஒருவரை மாற்றுவது என் வேலை என்று நினைத்த அன்றே நான் நம் உபதேசத்தை விட்டுப் போய்விட்டேன். சொல்லலாம், கூட நிற்கலாம். மாறுவது அவரும் அவருடைய தேவனும் பேசி முடிக்க வேண்டியது.

சீடன்: அப்படியானால் அவர்கள் நம்பிக்கையை நாம் எப்படிப் பார்ப்பது?

குரு: இங்கே அமாவாசைக்கு வீரராகவர் கோயிலுக்கு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறாய். முந்தின இரவே வந்து வெறுந்தரையில் படுக்கிறார்கள். விடிந்ததும் குளத்தில் வெல்லம் கரைக்கிறார்கள், நோய் கரையட்டும் என்று. அதில் உன் மில்லில் பி ஷிப்ட் முடித்துவிட்டு வருகிறவர்களும் இருப்பார்கள். குணமானவரும் வருகிறார், ஆகாதவரும் மறுபடி வருகிறார். நான் அவர்கள் வழியில் இல்லை. ஆனால் அந்தத் தரையில் படுத்திருக்கும் கிழவியின் விசுவாசத்தின் முன்னால் தலைகுனியத் தெரியாதவனை ஊழியத்துக்கு அனுப்பக் கூடாது என்று நினைக்கிறேன். அவளுக்கு நம்பிக்கையை நீ கற்றுக்கொடுக்கப் போவதில்லை.

சீடன்: டீ விஷயத்தில் அதைத்தான் உணர்ந்தேன். நாம் டீ, காபி தொடுவதில்லை. ஏழை வீட்டில் பக்கத்துக் கடையில் கடன் சொல்லி டீ வாங்கிவந்து நீட்டுவார்கள். வேண்டாம் என்றால் அவர்கள் முகம் சுருங்கிவிடும். முதலில் உபதேசத்தை விளக்கினேன். அப்புறம், வெயில்ல வந்தோம்மா, மோர் இருந்தா குடுங்க, இல்லன்னா ஒரு சொம்பு தண்ணி போதும் என்று கேட்கப் பழகினேன். வாங்கிக் குடிக்கும்போது அவர்களுக்கும் சந்தோஷம்.

குரு: கொடுக்கப் போனவன் வாங்கக் கற்றுக்கொண்டாய். உன் நண்பர்களிடம் இதைச் சொல்லேன்.

சீடன்: சிரிப்பார்கள். இரண்டு வருடச் சம்பளம், ஐயா. அப்பா ஓவர்டைம் பார்த்துத்தான் என் ஊழியச் செலவில் வீட்டுப் பங்கைக் கட்டினார்.

குரு: அதை நான் லேசாகப் பேசமாட்டேன். உருக்காலைச் சூட்டில் உன் அப்பா நின்ற மணிநேரங்களுக்கு நான் எந்த வசனத்தையும் ஈடாகச் சொல்லப்போவதில்லை. அவர் என்ன சொல்கிறார்?

சீடன்: ஒன்றும் சொல்லவில்லை. நான் திரும்பிய அன்று என் பெயர்ப் பட்டையை வாங்கி சாமான்களோடு அலமாரியில் வைத்தார். அவ்வளவுதான்.

குரு: அவரிடம் கேள். என்னிடம் கேட்பதை விட அது பலன் தரும். இரண்டு வருடத்தில் அவரும் ஒரு ஊழியம் முடித்திருக்கிறார்.

சீடன்: கேட்கிறேன். இன்னொன்று. என்னோடு லைனில் ஒடிசாக்காரப் பையன் இருக்கிறான். சிப்காட் பக்கத்தில் ஒரே அறையில் பத்துப் பேர். போன வாரம் கையில் சூடுபட்டுவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டே வேலைக்கு வருகிறான். அவனிடம் சபையைப் பற்றிப் பேசலாமா? இப்போது பெயர்ப் பட்டை இல்லை. என்ன உரிமையில் பேசுவது என்று தெரியவில்லை.

குரு: அவன் கேட்டால் பேசு. இப்போது அவன் எதைக் கேட்கிறான்?

சீடன்: லீவு கிடைக்குமா என்று கேட்டான்.

குரு: ஈ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதா அவனுக்கு?

சீடன்: நம்பர் கான்ட்ராக்டரிடம் இருக்கிறதாம். கேட்கப் பயப்படுகிறான். தமிழும் வராது.

குரு: உனக்குத் தெலுங்கு வராமலே ஒருவரோடு குடித்தனம் நடத்தியிருக்கிறாய். நாளைக்கு ஷிப்டுக்கு முன்னால் அவனைக் கூட்டிக்கொண்டு கான்ட்ராக்டரிடம் போய் அந்த நம்பரை வாங்கு. ஒரு தடவையில் கொடுக்கமாட்டார்.

சீடன்: மறுபடி போகிறேன், ஐயா.