படத்துக்கு உரியவர் யார்?

புதிதாக ஒரு பொருளை வாங்கியவரிடம் போய் அதைப் பற்றி அபிப்பிராயம் கேட்பது அவ்வளவு விவேகமான காரியம் அல்ல. முதல் வாரத்தில் கேட்டால் புகழ்வார். கொடுத்த பணம் அவரைப் புகழச் சொல்லும். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் குறை சொல்வார். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் அதைவிட நல்லதாக ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கியிருப்பார். ஐந்து வருஷம் கழித்துக் கேட்டால், "அதுவா? அலமாரியில் எங்கேயாவது கிடக்கும்" என்பார்.

சட்டைப் பையில் அடங்குகிற சின்ன டிஜிட்டல் கேமரா விஷயத்தில் இந்த மூன்று பருவங்களையும் நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். 2005க்கும் 2012க்கும் நடுவில் எங்கள் தெருவில் அதை வாங்காத குடும்பம் அபூர்வம். "ஜூம் நன்றாக இழுக்கிறது ஸார்" என்றார் பாங்கில் வேலை பார்த்த நண்பர். "வெயிலில் பின்பக்கத் திரையில் ஒன்றுமே தெரியவில்லை, நான் எடுப்பது என் மனைவியையா, அவளுக்குப் பின்னால் நிற்கும் பஸ்ஸையா என்றே புரியவில்லை" என்றார் இன்னொருவர். பொத்தானை அமுக்கிய பிறகு படம் விழுவதற்குள் குழந்தை சிரித்து முடித்து அழவும் தொடங்கிவிடுகிறது என்பது ஒரு தாயாரின் புகார். பாட்டரி மலை ஏறுகிற வரையில் உயிரோடு இருந்து, கோபுரத்தைக் கண்டதும் மோட்சம் அடைந்துவிடும் என்பது எல்லோரும் ஒருமுகமாகச் சொன்னது.

இவை அத்தனையும் கேமராவைக் கையில் வைத்திருப்பவர்களின் அபிப்பிராயங்கள். அதற்கு எதிரே நிற்க நேர்ந்தவர்களை யாரும் அபிப்பிராயம் கேட்டதாக எனக்கு நினைவில்லை. தராசை வாங்கிய வியாபாரியிடம் மட்டும் தராசு எப்படி என்று விசாரித்துவிட்டு வந்துவிடுவது போன்ற காரியம் இது.

இந்தக் கருவியின் கதை சுவையானது. 1975இல் அமெரிக்காவில் கோடாக் கம்பெனியில் ஸ்டீவன் சாசன் என்ற இளம் என்ஜினீயர் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்து பார்த்தார். அது மூன்றரைக் கிலோவுக்கு மேல் கனத்தது. ஒரு படத்தைக் காஸெட் நாடாவில் பதிய 23 விநாடி பிடித்தது; அந்தப் படமும் வெறும் 10,000 புள்ளிகள்தாம். பிலிம் விற்றுப் பிழைத்த கம்பெனி, பிலிம் வேண்டாத கேமராவைத் தன் வீட்டிலேயே பெற்றெடுத்துவிட்டு, அதை வளர்க்கத் தயங்கியது. பிற்பாடு 2012 ஜனவரியில் அது கோர்ட்டில் போய்த் திவால் பாதுகாப்புக் கேட்டு நின்றது. 2010ஆம் வருஷம் ஒன்றில் மட்டும் ஜப்பானியக் கம்பெனிகள் 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்களை உலகத்துக்கு அனுப்பின. பெரும்பான்மை இந்தச் சின்ன ஜாதிதான். அப்புறம் டெலிபோனே கேமராவாகிவிட்டது. 2023இல் சின்னக் கேமராக்களின் கணக்கு 20 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. இப்போது இருபது வயதுப் பிள்ளைகள், அப்பாவின் அலமாரியில் கிடந்த அதே கேமராவைத் தூசு தட்டி எடுத்து, அதில் விழுகிற நிறம் தனி அழகு என்று கொண்டாடுகிறார்கள். நாகரிகம் என்பது பழைய பெட்டியைத் திரும்பத் திறப்பதுதானே!

அப்படித் தூசு தட்டிய ஒரு கேமராவுடன் என் நண்பரின் பெண் போன வருஷம் கோடையில் மரக்காணத்துக்குப் புறப்பட்டாள். துணைக்கு நான் போனேன்.

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணத்தை நெருங்கும்போது கண் கூசத் தொடங்கும். காக்கிநாடாவில் தொடங்கும் பக்கிங்காம் கால்வாய் தன் நெடும் பயணத்தை முடித்துக்கொள்வது இந்தப் பகுதியில்தான். கழுவெளியின் உப்பங்கழி ஒரு பக்கம். சதுரம் சதுரமாக வகுத்த உப்புப் பாத்திகள் மற்றொரு பக்கம். நூறு பங்கு கடல்நீரில் உப்பு மூன்றரைப் பங்குதான். அதைப் பாத்தி மாற்றிப் பாத்தி தேக்கி, வெயிலிடம் ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நீர் சுண்டச் சுண்ட உப்புப் பூக்கும். பூத்ததை நீண்ட கோலில் பூட்டிய பலகையால் வரப்போரம் இழுத்துச் சேர்த்து, கூடையில் அள்ளித் தலையில் சுமந்து போய்க் குவிக்க வேண்டும். விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. சாலையில் போகிற கார்கள் நிற்பதோ வெயில் ஏறிய பிறகு. இறங்குகிறார்கள், வெள்ளைக் குவியலுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், போய்விடுகிறார்கள். பின்னணியில் கூடையோடு நடக்கிறவர்கள் இலவசம்.

உப்பளத்தில் கேமரா செய்கிற ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். அதற்குள் இருக்கும் ஒளிமானிக்கு உலகத்தில் எதுவும் ரொம்ப வெளுப்பாக இருக்கக் கூடாது. எதிரே உள்ள எல்லாவற்றையும் சராசரி பார்த்து நடுத்தரச் சாம்பலாகக் காட்டவே அதைப் பழக்கியிருக்கிறார்கள். ஆகவே ஏராளமான வெள்ளையைக் கண்டதும் திகைத்துப் போய் வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. விளைவு, உப்பு சாம்பலாகிறது. நடுவில் நிற்கும் மனிதனின் முகம் கரியாகிறது. கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தான் ஒன்று உண்டு. அதை அமுக்கி ஒன்று, ஒன்றரைப் படி வெளிச்சத்தைக் கூட்டிக் கொடுத்தால் முகம் தெளியும். உப்பு அழகாக விழுந்தால் போதும் என்பவர்கள் அந்தப் பொத்தானைத் தேடுவதில்லை. கேமராவைப் பற்றிய அபிப்பிராயங்களில் "வெயிலிலும் நல்ல தெளிவு" என்று யாராவது சொன்னால், எதன் தெளிவு என்று நான் கேட்க விரும்புவது இதனால்தான்.

நண்பரின் பெண் அந்தப் பொத்தானை அறிந்தவள். வரப்போரமாகக் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளை அணுகி, "அம்மா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். அந்த அம்மாளுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பதில் சொல்லாமல் அவள் கையிலிருந்த வெள்ளி நிறப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பெட்டியா? இதே மாதிரிதான் கண்ணு. மூக்கு நீட்டிக்கினு வருமே, அதானே?"

"ஆமாம்மா. உங்களுக்குத் தெரியுமா?"

"எங்க வூட்டுக்காரரை ஒருத்தர் இதுலதான் புடிச்சிக்கினு போனாரு. சுனாமி வந்து நாலஞ்சு வருசம் இருக்கும். கார்ல வந்தாரு. சிரிக்கச் சொன்னாரு, சிரிச்சாரு. அப்பறம் பின்னால திருப்பிக் காட்டனாரு. நானும் பாத்தேன். அப்பிடியே அவரேதான்! அனுப்பறேன்னு சொல்லிட்டுப் போனாரு."

"வந்ததா?" என்று நான் கேட்டேன்.

"எங்கய்யா வரும்? நாங்க எங்க இருக்கோம்னு அவரு கேக்கவே இல்லியே."

தானே புயல் அடித்து ஓய்ந்த அந்தத் தை மாதத்தில், அதாவது 2012 தொடக்கத்தில், அவர் இறந்துபோனாராம். கலியாணப் போட்டோ ஒன்று இருந்தது. அதைச் சுனாமித் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது வாக்காளர் அட்டையில் இருந்த முகம் ஒன்றுதான். அதையே பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். "அது அவரு இல்லய்யா. திருடனைப் புடிச்சி நிக்க வெச்ச மாதிரி முழிச்சிக்கினு இருக்காரு. அந்தப் பெட்டிக்குள்ளதான் சிரிச்சிக்கினு இருந்தாரு. அது இப்ப எங்க இருக்கும்?"

எங்கே இருக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில், கட்டைவிரல் நகத்தளவு அட்டை ஒன்றில், இறந்துபோன ஒருவர் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார். வைத்திருப்பவருக்கு அவர் வேண்டாம். அவரை வேண்டுகிறவளுக்கோ வழி தெரியவில்லை.

சட்டத்தைக் கேட்டால் அது கறாராகப் பதில் சொல்லும். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி புகைப்படத்தின் முதல் உரிமையாளர் அதை எடுத்தவர். பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவர் இருந்தால், வேறு உடன்பாடு இல்லாதபோது, அவர். முகத்தைக் கொடுத்தவர் பேச்சே அங்கே இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் மரக்காணத்து அம்மாளின் வழக்கு அதற்குள் அடங்காது. என்னை ஏன் பார்த்தாய் என்று அவள் கேட்கவில்லை. என்னுடையதை ஏன் தரவில்லை என்று கேட்கிறாள்.

அமெரிக்காவில் பஞ்ச காலத்தில், 1936இல், டோரதியா லாங்கே என்ற அம்மையார் கலிபோர்னியாவில் ஒரு பட்டாணித் தோட்டத்துக் கூலித் தாயைக் குழந்தைகளோடு படம் எடுத்தார். உலகப் பிரசித்தி பெற்ற படம். தாயின் பெயரை அவர் கேட்கவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, 1978இல்தான், அவள் பெயர் பிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்று ஒரு பத்திரிகைக்காரர் மூலம் வெளிவந்தது. அந்த அம்மாளின் மனத்தாங்கல் என்ன தெரியுமா? பெயரைக் கேட்கவில்லை, பிரதி அனுப்புவதாகச் சொன்னாள், அனுப்பவே இல்லை என்பது. கலிபோர்னியாவுக்கும் மரக்காணத்துக்கும் எத்தனை கடல்கள்! புகார் ஒன்றேதான்.

லாங்கேயின் கட்சியில் நியாயமே இல்லை என்று சொல்ல நான் துணியமாட்டேன். அந்தப் படம் பத்திரிகையில் வந்ததும் அந்த முகாமுக்கு உணவு போய்ச் சேர்ந்தது. ஆனால் அவருக்கு முன்னாலேயே லூயிஸ் ஹைன் என்று ஒருவர் இருந்தார். 1908 முதற்கொண்டு ஆலைகளில் உழைத்த சிறுவர்களைப் படம் எடுத்து, குழந்தை உழைப்புக்கு எதிராக ஊரைத் திருப்பியவர். உள்ளே விடமாட்டார்கள் என்பதற்காக, பைபிள் விற்பவர் என்றும் இன்னும் ஏதேதோ சொல்லியும் நுழைவாராம். முதலாளியிடம் பொய் சொன்னார். ஆனால் பையனிடம் பெயர் கேட்டார், வயது கேட்டார், தம் கோட்டுப் பொத்தான்களோடு ஒப்பிட்டு அவன் உயரத்தைக் கணக்கிட்டார். எல்லாவற்றையும் ரகசியமாகக் குறித்துக்கொண்டார். என் மனம் இந்தப் பொய்யரின் பக்கமே சாய்கிறது. அனுமதி வாங்குவது என்கிற சடங்கை நாம் மிகப் பெரிதாக நினைக்கிறோம். "எடுத்துக்கட்டுமா?" என்றால், கூலிக்கு நிற்கிறவர்கள் பெரும்பாலும் "எடுத்துக்குங்க" என்றுதான் சொல்வார்கள். மறுத்துப் பழக்கமில்லாதவரிடம் வாங்கிய சம்மதத்தை நான் முழுச் சம்மதம் என்று எண்ணவில்லை.

பின்பக்கத் திரையைத் திருப்பிக் காட்டுவது இந்தச் சின்னக் கேமராவோடு ஊர் முழுவதும் பரவிய வழக்கம். 1948இலேயே உடனடிப் படம் தருகிற போலராய்டு வந்துவிட்டது; ஆனால் அது தாளுக்குத் தாள் காசு தின்னும் பணக்கார விளையாட்டு. டிஜிட்டல் வந்த பிறகுதான் படம் எடுக்கப்பட்டவர் அந்த நிமிஷமே தம் முகத்தைப் பார்க்க முடிந்தது. நல்ல காரியம்தான், சந்தேகமில்லை. ஆனால் குழந்தைக்கு மிட்டாயைக் காட்டிவிட்டு ஜேபியில் போட்டுக்கொண்டால் அதற்கு என்ன பெயர்? காட்டாமலே போயிருந்தால் அந்த அம்மாள் பதினைந்து வருஷம் ஏங்கியிருக்க மாட்டாளோ என்றுகூட எனக்குத் தோன்றியது. உடனே அது தவறான யோசனை என்றும் பட்டது. அவர் சிரித்த முகத்தைக் கடைசியாக ஒரு முறை வெளியிலிருந்து பார்க்க அவளுக்குக் கிடைத்த பாக்கியமும் அந்தத் திரையால் வந்ததுதான்.

"அப்படியானால் படத்தில் விழுந்தவர்களுக்கெல்லாம் பிரதி அனுப்பிக்கொண்டிருக்க முடியுமா? திருவிழாவில் ஆயிரம் பேர் விழுகிறார்களே!" என்று வாசகர்கள் ஆட்சேபிக்கலாம். கூட்டம் வேறு, முகம் வேறு. தேர்வடத்தைப் பிடித்தவர்கள் தேரின் பகுதி. ஒரு மனிதரின் அருகில் போய், நிற்கச் சொல்லி, சிரிக்கவும் சொன்னால் அந்த இடத்தில் ஒரு கணக்குத் தொடங்கிவிடுகிறது. கதை எழுதுகிற நாங்கள் மட்டும் என்னவாம் என்று கேட்பீர்கள். நாங்களும் திருடுகிறவர்கள்தாம். ஆனால் ஒருவருடைய மூக்கையும் இன்னொருவருடைய பேச்சையும் சேர்த்து மூன்றாவது பெயர் வைத்துவிடுகிறோம். கதையிலிருந்து யாரும் தம் புருஷனைத் திருப்பிக் கேட்க முடியாது. கேமரா எதையும் கலப்பதில்லை. அதனால்தான் அதன் கடனும் நேரானது. பிலிம் காலத்தில் ஒரு சுருளுக்கு 36 படம். ஒரு பிரதி போடக் காசு, அனுப்பக் காசு. அனுப்பாதவருக்கு ஒரு சாக்காவது இருந்தது. இன்று அந்தச் சாக்கும் இல்லை.

நண்பரின் பெண் அன்று அந்த அம்மாளை ஆறு படம் எடுத்தாள். பெயரையும் தெருவையும் எழுதிக்கொண்டாள். மறு மாதம் பிரதிகளைத் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். பழைய கேமரா அல்லவா, அதன் கடிகாரம் பிசகிக் கிடந்திருக்கிறது. படத்தின் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் 2008 என்று விழுந்திருந்தது. அம்மாள் அது என்ன எழுத்து என்று கேட்டாளாம். வருஷம் தப்பாக விழுந்துவிட்டது, அழித்து வேறு போட்டுத் தருகிறேன் என்றாளாம் பெண். "இருக்கட்டும் கண்ணு, அப்ப அவரு இருந்தாரு" என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டாளாம்.

நேயர்களில் யாராவது 2008, 2009, 2010 வாக்கில் வெள்ளி நிறக் கேமராவோடு மரக்காணம் வழியாகக் காரில் போயிருக்கக்கூடும். பழைய அட்டைகளை ஒரு முறை போட்டுப் பாருங்கள். ஒல்லியான ஆள், தலையில் சிவப்புத் துண்டு, கையில் உப்பு வாருகிற பலகை, மேல்வரிசையில் ஒரு பல் இல்லாத சிரிப்பு. கண்டால் எனக்கு எழுதுங்கள். பிரதி போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.