கண்டெடுத்தவர் எல்லாம் உடையவரா?

புதையல் தேடும் கதை என்றால் சிறுவர் ஊணுறக்கம் மறப்பர்; பெரியவரும் அதற்கு விலக்கல்லர். பெல்ஜிய ஓவியர் எர்ஜே வரைந்த டின்டின் சித்திரக்கதைகளுள் அத்தகைய ஒன்றை நாமும் விரும்பியே படித்தோம். 1942, 1943ஆம் ஆண்டுகளில் பிரஸ்ஸல்ஸ் நாளிதழில் தொடராக வந்து, இரு நூல்களாய் விரிந்த கதை அது.

மூன்று கப்பல் பொம்மைகளின் பாய்மரங்களுள் மூன்று தோற்சுருள்கள். அவற்றை ஒருசேர ஒளிக்கெதிரே பிடித்தால் ஒரு குறிப்புப் புலப்படுகிறது. கேப்டன் ஹேடாக் தம் முன்னோரின் செல்வத்தைத் தேடிக் கடல் கடக்கிறார், தீவைத் தோண்டுகிறார், கடலடியையும் துழாவுகிறார். கிட்டவில்லை. ஊர் திரும்பியபின், அம்முன்னோர் வாழ்ந்த மாளிகையின் நிலவறையிலேயே அது கிடைக்கிறது. அம்மாளிகையை மீட்டுத் தந்ததோ, நண்பரான பேராசிரியர் தம் நீர்மூழ்கிக் கண்டுபிடிப்பை விற்று ஈட்டிய பணம்.

கதை மகிழ்ச்சியாய் முடிகிறது. நமக்கோ ஒரு வினா எஞ்சுகிறது. அச்செல்வம் யாருடையது? கடற்கொள்ளையன் ராக்கம் அதை ஸ்பானியக் கப்பல் ஒன்றிலிருந்து பறித்தான் என்று கதையே கூறுகிறது. அவனை வென்ற ஹேடாக்கின் முன்னோர் அதை எடுத்துக்கொண்டார். கொள்ளையனை வென்றவருக்குக் கொள்ளைப்பொருள் உரிமையாகுமா?

பறித்த பொருள் பத்துக் கை மாறினும் உடையவனுக்கே உரியது என்பது ஃபிக்ஹு நூல்கள் கூறும் நெறி. உடையவர் அறியப்படாத பழங்காலப் புதையலிலுங்கூட ஐந்தில் ஒரு பங்கைக் கண்டெடுத்தவர் தமதாக்கிக்கொள்ள இயலாது.

“நூற்றாண்டுகள் கடந்தபின் உடையவரை எங்கே தேடுவது?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1804இல் பெரு நாட்டு வெள்ளியைச் சுமந்துவந்த மெர்சிடிஸ் என்னும் ஸ்பானியக் கப்பல் ஆங்கிலேயர் தாக்குதலில் வெடித்து மூழ்கியது. 2007இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று அதன் நாணயங்களைக் கடலடியிலிருந்து எடுத்தது. ஏறத்தாழ 6 லட்சம் நாணயங்கள். ஸ்பெயின் வழக்காடி வென்றது. 2012இல் அவை அந்நாட்டுக்குத் திரும்பின. பெருவும் உரிமை கோரியது, பயனில்லை. ஸ்பானியர் ஆட்சியில் பொத்தோசி முதலிய சுரங்கங்களில் கட்டாய வேலைக்கு இழுக்கப்பட்ட அம்மண்ணின் மக்களை எண்ணிப் பார்த்தால், ஸ்பெயினின் உரிமையும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. கொள்ளைக்குப் பின்னே மற்றொரு கொள்ளை மறைந்திருக்கிறது.

உடையவரைக் காண்பது அரிதாகலாம். ஆனால் தேடும் கடமை அதனால் நீங்கிவிடுமா? காலம் பொருளைத் துருப்பிடிக்கச் செய்யும். உரிமையைத் துருப்பிடிக்கச் செய்யாது.

இதற்காகப் பிள்ளைகள் கையிலிருந்து அந்நூலைப் பறிக்க வேண்டியதில்லை. இன்பமாய்ப் படிக்கட்டும். படித்து முடித்ததும், “இது முதலில் யாருடையது?” என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். கதையில் எவரும் கேளாத கேள்வி அது. பாகப்பிரிவினையில் உடன்பிறந்தாளின் பங்கையும், அடகு வந்த அயலான் நகையையும் கையில் வைத்திருப்போர், தமக்குத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் அதுவே.