விலை கொடுத்தோம், பொருள் எங்கே?

காசு கைமாறுகிறது, பொருள் கைமாறுகிறது. அதன்பின் காசின்மீது வாங்கியவனுக்கு உரிமையில்லை. பொருளின்மீது விற்றவனுக்கு உரிமையில்லை. வாணிபத்தின் அரிச்சுவடி இது. புத்தகம் விற்ற கடைக்காரர் பத்தாண்டு கழித்து நம் வீட்டினுள் நுழைந்து, அலமாரியைத் திறந்து, அதனை எடுத்துச் சென்றால் அதை வாணிபம் என்போமா, கொள்ளை என்போமா?

கணினி விளையாட்டு உலகிலே இது நடந்திருக்கிறது. பிரான்சு நாட்டு யூபிசாஃப்ட் நிறுவனம், 2014 டிசம்பரில் 'தி க்ரூ' என்னும் கார்ப்பந்தய விளையாட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தனியே ஆடுவோரும் நிறுவனத்தின் சர்வரோடு தொடர்பு கொண்டே ஆடவேண்டும் என்பது அதன் அமைப்பு. 2024 மார்ச் 31-ஆம் நாள் சர்வர் நிறுத்தப்பட்டது. வட்டு இருக்கிறது, கணினி இருக்கிறது, பணம் கட்டிய ரசீதும் இருக்கிறது. விளையாட்டு மட்டும் இல்லை!

"நீர் வாங்கியது விளையாட்டை அல்ல, விளையாடும் அனுமதியை" என்பது வணிகர் வாதம். அனுமதி எனில், பொத்தானிலே 'வாங்குக' என்று ஏன் பொறித்தனர்? வாடகை வீட்டுக்கும் கெடு உண்டே! இங்கே கெடுவும் இல்லை, அதைச் சொல்வாரும் இல்லை.

கலிபோர்னியாவில் 2025 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த சட்டம், அனுமதியை மட்டும் விற்போர் அதனைத் தெளிவாக அறிவிக்காமல் 'வாங்குக' எனல் ஆகாது என்கிறது. நன்று. ஆனால் சொல்லைத் திருத்திய சட்டம், பொருளைத் திருப்பித் தரவில்லை.

கடைக்குக் கடை வேலி போடவும் இந்தப் பூட்டே துணை நிற்கிறது. 2018 டிசம்பரில் எபிக் நிறுவனம் கடை திறந்தது. ஸ்டீம் கடை வழக்கமாக 100-க்கு 30 எடுத்துக்கொள்ள, எபிக் 12 மட்டுமே எடுத்தது. உழைத்தவனுக்கு 88! வரவேற்கிறோம். ஆனால் 2019 சனவரியில், ஸ்டீமில் முன்பதிவு நடந்துகொண்டிருந்த 'மெட்ரோ எக்சோடஸ்', வெளிவரச் சில வாரங்களே இருக்கையில், எபிக் கடைக்கு மாற்றப்பட்டது. முன்பே பணம் கட்டியோர்க்கு ஸ்டீமில் கிடைத்தது; மற்றையோர்க்கு அங்கே அது மீண்டும் விற்கப்பட்டது 2020 பிப்ரவரியில்தான். எந்தக் கடையில் வாங்கினாலும் புத்தகம் நம் அலமாரிக்கு வரும். பூட்டிய விளையாட்டோ கடைக்காரனின் அலமாரியிலேயே தங்குகிறது. அதனாலன்றோ, கடை மாறினால் நாம் கலங்குகிறோம்!

"திருட்டு நகலைத் தடுக்க வேண்டாமா?" எனக் கேட்பர். தடுக்கத்தான் வேண்டும், உழைப்புக்குக் கூலி தராமல் நகலெடுப்பதும் அநீதியே. ஆனால் பூட்டு யாரைத் தடுத்தது? 2008-இல் வந்த 'ஸ்போர்' விளையாட்டை மூன்று கணினிகளில் மட்டுமே ஏற்றலாம் என்று விதித்தனர். பூட்டுடைத்த நகல்களோ உலகெங்கும் பரவின. திருடன் தடையின்றி ஆடினான். காசு கொடுத்தவன் கணக்குக் காட்டினான்!

பூட்டின்றி விற்றால் தொழில் அழியுமோ? போலந்தில் 2008-இல் தொடங்கிய ஜி.ஓ.ஜி. கடை பூட்டின்றியே விற்றுவருகிறது. 'விட்சர் 3' என்னும் புகழ்பெற்ற விளையாட்டும் 2015-இல் அங்கே பூட்டின்றியே வெளிவந்தது. அதைப் படைத்தோர் கெட்டழியவில்லை.

'தி க்ரூ' மூடப்பட்டபின் எழுந்த கையெழுத்து இயக்கத்தில், 2025-க்குள் ஐரோப்பிய ஒன்றியத்து மக்கள் 10 லட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். விளையாட்டுக்காக இத்தனை ஆர்ப்பாட்டமா என்று நகைப்போர்க்கு ஒன்று சொல்வோம்: இன்று விளையாட்டுக்கு ஒப்புக்கொண்ட விதியை நாளை நூலுக்கும் பாட்டுக்கும் நீட்டுவர். ஆகவே கேட்கிறோம்: விற்பதானால் விற்றுவிடுங்கள், வாடகையானால் வாடகை என்று சொல்லி, கெடுவையும் சொல்லுங்கள்!