நடுவில் எடுத்த அளவு

பழைய நூல்சேலைகளை வெட்டித் துண்டுத்துணிப் போர்வை தைத்துக் கொடுப்பது பெரம்பலூரில் என் தொழில். என்னிடம் பழக வரும் பெண்கள் பெரும்பாலும் தடுமாறுவது சுற்றிப் போடும் பார்டருக்கு அளவு எடுக்கும்போதுதான். டேப் நேராக ஓரத்துக்குப் போகும்.

“அக்கா, இந்தப் பக்கம் தொண்ணூத்தி ஒண்ணரை, அந்தப் பக்கம் தொண்ணூத்தி ஒண்ணு. எதை வச்சு வெட்டட்டும்?”

“ரெண்டும் வேணாம்மா. நடுவுல அளந்து பாரு.”

நடுவில் 90 இஞ்ச் இருக்கும்.

ஓரம் என்பது அதிகம் கைபட்ட இடம். தைக்கும்போதும் தூக்கும்போதும் இழுபட்டு நீண்டிருக்கும். அந்த நீளத்துக்குப் பட்டை வெட்டினால் போர்வை அலையலையாக நிற்கும், தரையில் படியாது. குறைத்து வெட்டினால் உள்துணி சுருங்கிக் குமிழும். அதனால் இரண்டு பக்கத்துக்கும் 90 இஞ்ச் வெட்டி, முனைகளையும் நடுவையும் முதலில் குண்டூசியால் பிடித்து, மிகுந்த துணியைச் சீராகப் பரப்பித் தைக்க வேண்டும். பக்கப் பட்டைகள் சேர்ந்த பிறகு, மேலுக்கும் கீழுக்கும் மறுபடி நடுவில் அளவு. 60 இஞ்ச் அகலம், பக்கத்துக்கு 4 இஞ்ச் கூடி 68 ஆகியிருக்கும்.

விரதம், நேர்த்திக்கடன், துறவு என்று மனிதர் தமக்குத் தாமே போட்டுக்கொள்ளும் கட்டுப்பாட்டுக்கு அளவை எங்கே எடுப்பது என்ற கேள்வி இந்த வேலையில்தான் எனக்குள் வளர்ந்தது.

துண்டுத்துணிக்கும் துறவுக்கும் பழைய உறவு உண்டு. புத்தர் மகத நாட்டில் நடந்துபோகையில், வரப்பு வரப்பாகப் பிரிந்து கிடந்த வயல்களைக் காட்டி, பிக்குகளுக்கு இதைப் போல ஆடை அமைக்க முடியுமா என்று தம் சீடர் ஆனந்தரிடம் கேட்டதாக, சங்கத்தின் விதிகளைச் சொல்லும் விநயபிடகம் சொல்கிறது. ஆனந்தர் துணியைத் துண்டுகளாக வெட்டி இணைத்து, சுற்றிலும் பட்டை வைத்துக் காட்டினார். வெட்டிய துணியைத் திருடனும் விரும்பமாட்டான். துறவிக்கு அதுவே தகுதி. இலங்கையிலும் தாய்லாந்திலும் பிக்குகள் இன்றும் உடுத்தும் சீவரம் அந்த அமைப்புதான். பக்கத்து அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலத்தில் புத்தர் சிலை இருக்கிறது. அவர் எங்கள் மண்ணுக்கு அந்நியர் அல்ல.

அரண்மனைச் சுகத்தையும் உடல் வற்றிய பட்டினியையும் அவர் வாழ்ந்து பார்த்தார். இரண்டையும் விட்ட பிறகே பிறருக்கு வழி சொன்னார். சங்கத்தின் விதிகளையும் மொத்தமாக முதல்நாளே எழுதிவைக்கவில்லை. சிக்கல் எழுந்தபோது ஒரு விதி வந்தது. பொருந்தாத இடத்தில் அதைத் திருத்தினார். உள்ளே இருக்கும் வாழ்க்கையைப் பார்த்து வெட்டிய எல்லை அது.

நடு என்றால் தளர்வு என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 90 என்று கண்டபின், ஓரம் கெஞ்சுகிறதே என்று அரை இஞ்ச் கூட்டிக் கொடுப்பதற்கில்லை. நீண்ட ஓரம்தான் பட்டைக்குள் அடங்கி வர வேண்டும். அடங்கிவிடும், ஏனென்றால் 90 என்பது அந்தத் துணியின் சொந்த அளவு.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் நடை வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். தெய்வமே தன் தரிசனத்துக்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. எங்கள் தெருவில் சர்க்கரை மாத்திரை சாப்பிடும் ஒரு பாட்டி, மகன் பிழைத்து வந்த நன்றியில், ஆடி முழுக்கப் பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் பகலைக் கழிப்பதாக வேண்டிக்கொண்டார். அந்த அன்பை நான் வணங்குகிறேன். ஆனால் அந்த வேண்டுதல் ஆஸ்பத்திரி வாசலில், உயிர் இழுபட்ட நேரத்தில் எடுத்த அளவு. அம்மன் கேட்பது அவர் உடம்பைச் சுருக்கும் பட்டையை அல்ல என்று அவரிடமே சொன்னேன்.

பயத்திலும் பரவசத்திலும் மனம் தன் நீளத்தைக் கூட்டியே காட்டும். ஆகவே சபதம் எடுக்க நினைப்பவர், பசியும் வேலையும் வழக்கம்போல் இருக்கும் ஒரு சாதாரணப் புதன்கிழமையில் தம்மை அளந்து பார்க்கட்டும். அன்று தாங்கக்கூடிய விரதமே ஆயுள் முழுக்கத் தாங்கும். அப்படி எடுத்த அளவில் கத்திரி வைத்தபின் கை நடுங்கத் தேவையில்லை.